கமாண்டோவின் முன் ஃபோர்க்: ஆட்டத்தை எடுத்த பிறகுதான் விறைப்பு

பழைய நார்ட்டன் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் மூன்று பேர் ஓரிடத்தில் நின்றால், பேச்சு எண்ணெய்க் கசிவில் தொடங்கி ஃபோர்க் பிரேஸில் போய் நிற்கும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் கால்தான் ஃபோர்க்; ஒவ்வொரு காலிலும் மேலே ஒரு குழாய், கீழே அதன்மேல் ஏறி இறங்கும் ஸ்லைடர். முன்சக்கரத்துக்கு மேலே இரண்டு ஸ்லைடர்களையும் குறுக்காக இணைக்கும் உலோகப் பாலம்தான் பிரேஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கிலாந்தின் மேட்லாக் பாத் ஊரில் கடைத்தெரு ஓரமாக வரிசைகட்டி நிற்கும் வண்டிகளைப் பார்த்தபடி நடந்தால், மெருகேற்றிய பிரேஸ் மாட்டிய நார்ட்டன் கமாண்டோ ஒன்றாவது கண்ணில் படும். அவற்றில் சிலவற்றின் முன்பக்கத்தை, உரிமையாளரின் அனுமதியோடு, அமுக்கிப் பார்த்திருக்கிறேன். கையை எடுத்ததும் ஃபோர்க் மேலே எழும்பி வர வேண்டும். பாதி வழியில் தயங்கி நிற்கும் ஃபோர்க்குகள் நிறைய. பிரேஸ் இருக்கிறது, விறைப்பும் இருக்கிறது. ஃபோர்க் மட்டும் வேலை செய்யவில்லை.

என்னுடையது 1974-ஆம் ஆண்டின் 850 கமாண்டோ ரோட்ஸ்டர். பெயரில் 850 என்றாலும் எஞ்சின் 828 சி.சி.தான். டெர்பியில் ஒரு சிறிய பட்டறையில் லேத் வேலை பார்க்கிறேன் என்பதால், இந்த வண்டிக்குத் தேவையான சில்லறைச் சாமான்களை மதிய இடைவேளையில் நானே கடைந்துகொள்ள முடிகிறது. முதலாளிக்கும் தெரியும், அவரிடம் ஒரு பழைய பி.எஸ்.ஏ. இருப்பதால் வாய் திறப்பதில்லை.

வண்டி என்னிடம் வந்தபோதே அதன் குறை தெளிவாக இருந்தது. ஆஷ்போர்னிலிருந்து ஏ515 சாலையில் பக்ஸ்டன் போய், அங்கிருந்து மேக்கிள்ஸ்ஃபீல்டுக்கு மலையேறும் ஏ537 சாலையில் திரும்பினால் வளைவுக்கு மேல் வளைவு. ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் பிரேக் பிடிக்கும்போது ஹேண்டில்பார் ஒரு பக்கமாக இழுக்கும். வளைவுக்குள் வண்டியைச் சாய்த்தால், கை சொன்னதைச் சக்கரம் ஒரு கணம் கழித்துக் கேட்கும். பயப்படும் அளவுக்கு இல்லை. ஆனால் அந்த ஒரு கணம் என் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது.

கமாண்டோவின் ஃபோர்க்கைக் குறை சொல்வதற்கு முன் அதன் வயதைப் பார்க்க வேண்டும். ரோட்ஹோல்டர் என்ற பெயரில் நார்ட்டன் இந்த டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கொண்டுவந்தது. 1950-இல் ஜெஃப் டியூக் ஐல் ஆஃப் மேன் தீவில் சீனியர் டி.டி. பந்தயத்தை வென்றாரே, ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் வடிவமைத்த ஃபெதர்பெட் என்ற சட்டத்தில் (ஃபிரேம்), அந்த வண்டியின் முன்னாலும் இருந்தது ரோட்ஹோல்டர்தான். சராசரி வேகம் மணிக்கு 92 மைலுக்கு மேல். அந்தச் சாலையில் அந்த வேகத்தைத் தாங்கிய ஃபோர்க்கை வாழைத்தண்டு என்று யாரும் ஏசவில்லை. அப்போது முன்னால் இருந்தது டிரம் பிரேக். டயர் ஒடுக்கமானது, இன்றைய ரப்பரின் பிடிப்பில் பாதிகூட அதற்கு இருந்திருக்காது.

1967-இல் கமாண்டோ வந்தபோது எஞ்சினை ரப்பரில் தொங்கவிடும் ஐசோலாஸ்டிக் முறை புதிது, சட்டம் புதிது. ஃபோர்க் மட்டும் அதே பழைய குடும்பம். 1972 முதல் அதில் 10.7 அங்குல டிஸ்க் பிரேக் ஏறியது. என் வண்டியில் அது வலப்பக்கம் ஒன்றே ஒன்று. பிரேக்கின் எதிர்விசை முழுவதும் வலது ஸ்லைடரில்தான் இறங்குகிறது. இடது ஸ்லைடர் வேடிக்கை பார்க்கிறது. போதாக்குறைக்கு எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர், பல கமாண்டோக்காரர்கள் செய்வதுபோல், பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் துளைக்குள் உறை போட்டு 13 மில்லிமீட்டராகச் சிறிதாக்கியிருந்தார். ஆரம்பத்தில் அது எட்டில் ஐந்து அங்குலம், அதாவது 16 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பரப்பளவைக் கணக்குப் பார்த்தால், அதே கைவிசைக்கு அழுத்தம் சுமார் ஒன்றரை மடங்கு. நல்ல மாற்றம்தான், கம்பெனி கொடுத்த பிரேக் மரக்கட்டையை அழுத்துவதுபோல் இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அதே மனிதர், அழகுக்காக இரும்பு மட்கார்டைக் கழற்றிவிட்டு ஃபைபர் கிளாஸ் மட்கார்டு ஒன்றையும் மாட்டியிருந்தார்.

கமாண்டோவின் இரும்பு மட்கார்டு தண்ணீர் தெறிக்காமல் தடுப்பதற்கு மட்டும் வைத்ததல்ல. அதன் நடுவில் உள்ள பாலம் இரண்டு ஸ்லைடர்களின் உட்புறத்திலும் போல்ட் போட்டு இறுக்கப்படுகிறது. கம்பெனி கொடுத்த பிரேஸ் அதுதான். ஃபைபர் கிளாஸில் மெல்லிய தகட்டுப் பட்டையைத் தவிர ஒன்றும் இல்லை. பிரேக்கின் பலத்தைக் கூட்டி, அதைத் தாங்க வேண்டிய பாலத்தையும் கழற்றினால் ஹேண்டில்பார் இழுக்காமல் என்ன செய்யும்?

இந்த ஃபோர்க் எப்படியெல்லாம் நெளிகிறது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பிரேக் பிடிக்கும்போது இரண்டு குழாய்களும் பின்னோக்கி வளைகின்றன. இந்த வளைவைத் தடுப்பது குழாயின் விட்டமும், குழாய்களை மேலே பிடித்திருக்கும் இரண்டு யோக்குகளில் கீழ் யோக்கிலிருந்து ஆக்சில் வரையுள்ள தூரமும் மட்டுமே. எந்தப் பிரேஸும் இதில் கை வைக்க முடியாது. இரண்டாவது, ஒரு கால் முன்னும் மறுகால் பின்னுமாகப் போகும் முறுக்கம். மூன்றாவது, ஒரு ஸ்லைடர் சற்று மேலும் மற்றது சற்றுக் கீழுமாக ஏறி இறங்கிச் சக்கரத்தைச் சாய்ப்பது. உருண்டையான குழாய்க்குள் உருண்டையான குழாய், ஆகவே ஸ்லைடர் தன் குழாயைச் சுற்றித் தாராளமாகத் திரும்பும். இரண்டையும் ஒரே உறுப்பாகப் பிடித்து வைத்திருப்பவை மேலே யோக்குகள், கீழே ஆக்சில், நடுவில் மட்கார்டுப் பாலம். இரண்டு கழிகளுக்கு நடுவே அடிக்கட்டை மட்டும் உள்ள ஏணியைப் பிடித்து ஆட்டினால் எப்படிச் சரியும், நடுவில் ஒரு குறுக்குக்கட்டை அடித்தால் எப்படி நிற்கும்? பிரேஸ் அந்த நடுக்கட்டை. சக்கரம் சாய்வதை அது நன்றாகத் தடுக்கும், முறுக்கத்தை ஓரளவு குறைக்கும், பின்னோக்கிய வளைவைத் துளியும் மாற்றாது. விற்பவர்கள் இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்வதில்லை.

கெட்டியான எண்ணெய் ஊற்றி, கடினமான ஸ்பிரிங் போட்டு, "இப்போது ஃபோர்க் விறைப்பாகிவிட்டது" என்பவர்களை என்ன சொல்வது? ஃபோர்க் அமுங்குவது கடினமாகிவிட்டது, அவ்வளவுதான். நெளிவு அப்படியே இருக்கும்.

சரி, வேலைக்கு வருகிறேன். ஃபோர்க்கைத் தொடுவதற்கு முன் பின்பக்கம் போனேன். கமாண்டோவில் எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்விங் ஆர்ம், பின்சக்கரம் எல்லாம் சேர்ந்த ஒரு தொகுதி ரப்பர் தாங்கிகளில் தொங்குகிறது. அந்தத் தாங்கிகளின் பக்கவாட்டு இடைவெளி பத்து தௌ, அதாவது கால் மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். 1975-இல் வந்த மார்க் 3-இல் திருகிச் சரிசெய்யும் வசதி உண்டு. அதற்கு முந்தைய என் வண்டிக்குத் தகட்டு வளையங்களை மாற்றித்தான் இடைவெளியைக் குறைக்க முடியும், சலிப்பூட்டும் வேலை. இந்த இடைவெளி பெருகினால் வண்டி வளைவில் நெளியும், ஓட்டுபவர் முன் ஃபோர்க்கைத் திட்டுவார். என் வண்டியில் பின்பக்க இடைவெளி அளவைத் தாண்டியிருந்தது. அதைச் சரிசெய்ததும் வளைவில் இருந்த தயக்கத்தில் ஒரு பகுதி போய்விட்டது. பிரேக் இழுப்பு போகவில்லை. அது முன்பக்கத்துக் கணக்கு.

ஸ்டீயரிங் தலையில் 1971-க்குப் பிந்தைய கமாண்டோக்களுக்கு 6205 எண்ணுள்ள சீல் வைத்த பால் பேரிங்குகள் இரண்டு. இறுக்கிச் சரிசெய்ய வேண்டியதில்லை. தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான். எங்கும் கிடைக்கும், விலையும் பெரிதில்லை. வெளியே எடுத்த பேரிங்கை விரலில் மாட்டிச் சுழற்றினால் ஒரே இடத்தில் பல்லில் மாட்டியதுபோல் நின்றது. நேராகவே ஓடி ஓடிப் பந்துகள் பாதையில் குழி பறித்திருந்தன.

பிறகு கால்களைப் பிரித்தேன். குழாயும் ஸ்லைடரும் உரசும் இடங்களில் புஷ் என்ற வளையங்கள் இருக்கும். ரோட்ஹோல்டரில் மேல்புஷ் வெண்கலம், ஸ்லைடரின் வாயில் உட்கார்ந்திருக்கும். கீழ்ப்புஷ் எஃகு, ஃபோர்க் குழாயின் அடியில் சர்க்லிப் போட்டுப் பிடித்திருக்கும். இந்த எஃகுப் புஷ் அலுமினிய ஸ்லைடரின் உட்சுவரிலேயே நேரடியாக உரசி ஓடுகிறது என்பதை மறக்கக் கூடாது. புஷ்ஷை மாற்றிவிட்டு ஸ்லைடரின் உட்சுவரை அளக்காமல் விட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். இன்னொன்று: ஃபோர்க் முழுதாக நீண்டிருக்கும்போது இரண்டு புஷ்களும் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கும். அப்போது புஷ்ஷில் உள்ள தலைமுடி அளவு ஆட்டம் ஆக்சிலில் பல மடங்காகத் தெரியும். எனவே ஆட்டத்தைப் பார்க்கச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு, ஆக்சிலருகே பிடித்து முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். நின்ற வண்டியில் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினால் பேரிங் ஆட்டமும் புஷ் ஆட்டமும் ஐசோலாஸ்டிக் ஆட்டமும் கலந்து வரும். எது எது என்று பிரிக்க முடியாது.

ஃபோர்க் குழாய்களை வி-பிளாக் என்ற தாங்கியில் வைத்து, வளைவைக் காட்டும் டயல் கேஜில் சுழற்றியதில் இடது குழாய் நேர், வலது குழாய் கீழ் யோக் பிடிக்கும் இடத்தருகே வளைந்திருந்தது. நிமிர்த்தித் தருபவர்கள் இங்கே இருக்கிறார்கள். சிறிய வளைவென்றால் நன்றாகவே செய்வார்கள். நான் புதிய ஜோடியாக வாங்கிவிட்டேன். குரோமியப் பூச்சு உரிந்த குழாயை நிமிர்த்தி ஆயில் சீலுக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை கண்ணாடிச் சோதனை. இரண்டு குழாய்களையும் யோக்குகளில் பூட்டி, அவற்றின் குறுக்கே தடித்த கண்ணாடித் தகடு ஒன்றைப் படுக்க வைக்க வேண்டும். இரண்டு குழாய்களும் ஒரே தளத்தில் இருந்தால் கண்ணாடி அசையாமல் படியும். யோக் முறுக்கியிருந்தால் ஒரு மூலை எழும்பி டக் டக் என்று ஆடும். அண்டை வீட்டார் தூக்கிப்போட இருந்த மீன் தொட்டியின் பக்கச் சுவர் எனக்கு இதற்கு வாய்த்தது. அந்த அண்டை வீட்டார் ரோல்ஸ் ராய்ஸ் விமான எஞ்சின் பிரிவில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். கண்ணாடியைக் கொடுத்துவிட்டு அவரும் கூடவே வந்துவிட்டார்.

மூலை எழும்பியது. அவர் குனிந்து பார்த்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை அடியில் நுழைத்து, உதட்டைப் பிதுக்கினார். கீழ் யோக்கின் பிடி போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல் நட்டுகளையும் தளர்த்தி, மறுபடி வரிசையாக இறுக்கினோம். ரோட்ஹோல்டரில் குழாயின் மேல்முனை கூம்பாகக் கடைந்திருக்கும். மேல் நட்டை இறுக்கும்போது அந்தக் கூம்பு மேல் யோக்கிற்குள் ஏறிப் பிடித்துக்கொள்ளும். கீழ்ப் பிடியை முதலில் இறுக்கிவிட்டால் கூம்பு முழுதாக ஏறாது. கூம்பை முதலில் ஏற்றி, கீழ்ப் பிடியைப் பிறகு இறுக்க வேண்டும். அப்படிச் செய்ததும் எழும்பலில் பெரும்பகுதி மறைந்தது. மிச்சம் இருந்தது தாளின் தடிமன் அளவு. "விமானத்தில் விடமாட்டேன், பைக்கில் விடுவேன்" என்றார். விட்டோம்.

ஆக்சில் மாட்டும் முறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆக்சிலின் நட்டை இறுக்கிய பிறகு, மறுபக்க ஸ்லைடரின் பிடி போல்ட்டைத் தளர்வாகவே விட்டு, ஃபோர்க்கைப் பலமுறை நன்றாக அமுக்கி விட வேண்டும். அந்த ஸ்லைடர் ஆக்சிலின் மேல் நகர்ந்து தனக்கு வசதியான இடத்தில் உட்காரும். அதற்குப் பிறகே பிடி போல்ட். இதைச் செய்யாமல் இறுக்கிய ஃபோர்க்கில் இரண்டு கால்களும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டோ விலக்கிக்கொண்டோ நிற்கும், ஸ்பிரிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உரசும். செலவில்லாத வேலை, ஸ்பேனர் ஒன்று போதும். மேட்லாக் பாத்தில் தயங்கி நின்ற ஃபோர்க்குகளில் பாதி இதிலேயே குணமாகும் என்பது என் ஊகம்.

இத்தனைக்கும் பிறகு, பிரேஸே இல்லாமல் ஒருமுறை ஏ537-க்குப் போய் வந்தேன். பழைய வண்டியே அல்ல. கை சொன்னதைச் சக்கரம் உடனே கேட்டது. பிரேக் இழுப்பு மட்டும் குறைந்த அளவில் மிஞ்சியது. பிரேஸுக்கான இடம் இதுதான்.

கடையில் கிடைப்பவற்றில் பல மெல்லிய பட்டைகள். பார்வைக்கு அழகு. ஆனால் அலுமினியத்தின் மீள்விறைப்பு எஃகினுடையதில் மூன்றில் ஒரு பங்குதான், தடிமனில்தான் அதை ஈடுகட்ட வேண்டும். ஒரு பட்டையின் வளைவு எதிர்ப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும்: 5 மில்லிமீட்டருக்குப் பதில் 10 மில்லிமீட்டர் என்றால் எட்டு மடங்கு. 6082 வகை அலுமினியத் தகட்டில் 10 மில்லிமீட்டர் துண்டு ஒன்று பட்டறையில் மிச்சம் கிடந்தது. அட்டையில் வடிவம் வெட்டி, மட்கார்டு பூட்டும் இடத்தில் வைத்துப் பார்த்து, குதிரை லாட வடிவில் அறுத்தேன். ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை முழுதாக மேலே தள்ளி, பிரேஸ் கீழ் யோக்கில் இடிக்கவில்லை, டயரும் பிரேஸில் உரசவில்லை என்று பார்த்த பிறகே துளை போட்டேன்.

துளைகளைப் போல்ட்டைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாக வைத்தேன். ஆக்சில் இறுகி, ஸ்லைடர்கள் தங்கள் இடத்தில் உட்கார்ந்த பிறகு, பிரேஸின் கால்களுக்கும் ஸ்லைடர்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஃபீலர் கேஜில் அளந்தேன். அந்தத் தடிமனுக்குத் தகடு வெட்டி நிரப்பினேன். போல்ட்டை இறுக்கி இடைவெளியை மூடுவதுதான் பிரேஸ் மாட்டுபவர்கள் வழக்கமாகச் செய்வது. அப்போது பிரேஸ் ஸ்லைடர்களைத் தன் பக்கம் இழுத்து வளைக்கிறது, ஃபோர்க் மாட்டிக்கொள்கிறது. போல்ட் இருப்பதை இருந்த இடத்தில் பிடிக்க வேண்டும், இழுக்கக் கூடாது. சோதனை எளிது. ஸ்பிரிங்கும், அதன் துள்ளலை அடக்கும் டேம்பரும் இல்லாமல், சக்கரத்தை மேலே தூக்கி விட்டால் தன் எடையில் வழுக்கி இறங்க வேண்டும். பிரேஸ் இல்லாமல் எப்படி இறங்கியதோ, பிரேஸோடும் அப்படியே. இறங்கியது. பிறகு ஸ்பிரிங், ஒரு காலுக்கு 150 மில்லிலிட்டர் எண்ணெய், மேல் நட்டு.

முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருகிப் பார்ப்பது ஊரில் புல்லட் ஓட்டிய காலத்திலிருந்தே எனக்குப் பழக்கம். அதில் வித்தியாசம் கைக்கே தெரிந்தது. சாலையில் பிரேக் இழுப்பு பெரும்பாலும் போய்விட்டது. முழுதாகப் போகாது, போகவும் முடியாது. ஒரே பக்கத்தில் டிஸ்க் இருக்கும்வரை ஒரு கால் மற்றதைவிட அதிகம் உழைத்துத்தான் ஆக வேண்டும். பலமாகப் பிடித்தால் குழாய்கள் இன்னும் பின்னோக்கி வளைகின்றன. ரோட்ஹோல்டரின் குழாய் விட்டம் சுமார் 34.5 மில்லிமீட்டர். அதை 38 ஆக்கினால், சுவர்த் தடிமனும் அதே விகிதத்தில் கூடும் என்று வைத்துக்கொண்டால், விட்டத்தின் நான்காம் மடிக் கணக்கில் விறைப்பு ஏறத்தாழ 47 சதவீதம் ஏறும். ஜப்பானிய ஃபோர்க் ஒன்றை மாட்டி அந்த லாபத்தை எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதைச் செய்ய மாட்டேன். முகம் மாறிவிடும் என்பது ஒரு காரணம். ஃபோர்க் நெளிந்து விழுங்கும் விசை, நெளியாவிட்டால் ஸ்டீயரிங் தலைக்குப் போகும் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஆரம்பகாலக் கமாண்டோக்களின் சட்டம் அந்தத் தலைக்கு அருகேதான் உடைந்தது. 1969-இல் கூடுதல் குழாய் ஒன்றைச் சேர்த்துத்தான் சரிசெய்தார்கள். டிரையம்ஃபின் 1960-ஆம் ஆண்டு இரட்டைக் குழாய்ச் சட்டத்துக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது வயதைத் தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கு 2018 முதல் இங்கே ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது வேறொருவர் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அதுவும் இல்லை. சொந்தமாகப் பிரேஸ் செய்து மாட்டியவர்கள் முதல் சில நூறு மைல்களுக்குப் பிறகு போல்ட்டுகளைப் பாருங்கள், ஸ்லைடரில் போல்ட் ஏறும் காதுகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டாயமில்லாவிட்டாலும் நான் சோதனைக்குக் கொண்டுபோகிறேன்.

அண்டை வீட்டார் இப்போது தன்னுடைய டிரையம்ஃப் டி140-க்கும் ஒரு பிரேஸ் கேட்கிறார். மட்கார்டு பூட்டும் இடம் அதில் வேறு மாதிரி, அட்டையைப் புதிதாக வெட்ட வேண்டும். அதற்கு முன் அவருடைய ஸ்டீயரிங் பேரிங்கைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அது நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். மீன் தொட்டிக் கண்ணாடி என்னிடம் இருக்கிறது, வரச்சொல்லியிருக்கிறேன்.